பள்ளிக்கூடம் மூடும், அலுவலகம் மூடாது

சம்மர் கேம்ப் என்று பேச்செடுத்தாலே "அதெல்லாம் வசதி உள்ளவங்க சமாச்சாரம்" என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. நான் இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறவள். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. எங்கள் வீட்டில் கேம்ப் செலவு பொழுதுபோக்குக் கணக்கில் வருவதில்லை. வாடகையையும் போக்குவரத்துச் செலவையும் எழுதும் அதே பக்கத்தில்தான் அதையும் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் வாரக்கணக்கில் மூடிவிடும், என் அலுவலகம் ஒருநாளும் மூடாது.

கோடை விடுமுறை பல நாடுகளில் 6 வாரத்தில் தொடங்கி 10, 11 வாரம் வரை நீள்கிறது. நம்மில் பெரும்பாலோருக்குச் சம்பளத்தோடு கிடைக்கும் விடுப்பு அதில் பாதிக்குக்கூட வராது. அந்தக் கொஞ்சம் விடுப்பிலும் ஒரு பகுதி, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாட்களிலும் ஆசிரியரைப் பார்க்கப் போன நாட்களிலும் முன்பே கரைந்திருக்கும். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் ஆளுக்கு இரண்டு வாரம் மாற்றி மாற்றி விடுப்பு எடுக்கலாம். ஒருவர் காலை ஷிஃப்ட், ஒருவர் மாலை ஷிஃப்ட் என்று ஓட்டலாம். தனியாக இருப்பவளுக்கு மாற்றிக்கொள்ள ஆள் கிடையாது. கணவரை இழந்தவரோ, பிரிந்தவரோ, கல்யாணமே செய்துகொள்ளாமல் பிள்ளை பெற்றவரோ, இந்த இடத்தில் எல்லோருக்கும் ஒரே நிலைதான்.

"நாங்க எல்லாம் கேம்ப்புக்குப் போயா வளர்ந்தோம்?" என்று கேட்கும் பெரியவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் வளர்ந்த காலத்தில் வீட்டில் பாட்டி இருந்தார், எதிர்வீட்டில் சித்தி முறையில் ஒருவர் இருந்தார், தெருவில் பத்து கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. யாரும் சம்பளம் வாங்காமல் செய்த வேலை என்பதால் அதற்கு விலை இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. இன்று அந்த ஆட்கள் அருகில் இல்லை. ஏழு வயதுப் பிள்ளையைப் பூட்டிய வீட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போக என்னால் முடியாது, யாராலும் முடியக்கூடாது. ஆகவே பணம் கொடுத்துத்தான் அந்தக் கண்களை வாங்க வேண்டியிருக்கிறது.

கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்பதற்கு வெட்கப்பட்டு, கடன் வாங்கிக் கட்டுகிற அம்மாக்களை எனக்குத் தெரியும். கேட்காமல் பிள்ளையை அனுப்பாமலே விட்டவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை என்பதற்கு என்னிடம் இருக்கும் மிக வலுவான வாதம், கேம்ப் என்ற ஏற்பாடு எப்படிப் பிறந்தது என்பதுதான்.

1876-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் வால்டர் ஹெர்மன் பியோன் என்ற பாதிரியார் ஏழைப் பிள்ளைகள் 68 பேரை, ஆசிரியர்கள் துணையோடு அப்பென்ஸெல் மலைப்பகுதிக்குக் கோடையில் அழைத்துப் போனார். நெரிசலான வீடுகளில் வளர்ந்து உடம்பு தேறாமல் இருந்த பிள்ளைகள் அவர்கள். செலவைப் பெற்றோர் தலையில் கட்டவில்லை, நன்கொடை திரட்டினார். அந்த யோசனை ஐரோப்பா முழுக்கப் பரவியது. மறுவருடம், 1877-இல், அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் ஷெர்மன் என்ற சிற்றூரில் வில்லர்ட் பார்சன்ஸ் என்ற இன்னொரு பாதிரியார் தன் சபையாரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். நியூயார்க் நகரின் இருண்ட குடியிருப்புகளில் வாழும் பிள்ளைகளைக் கோடையில் கொஞ்ச நாள் உங்கள் வீட்டில் தங்க வையுங்கள் என்று கேட்டார். ஃப்ரெஷ் ஏர் ஃபண்ட் என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது, இன்றும் பிள்ளைகளிடம் காசு வாங்குவதில்லை.

வசதியுள்ள பிள்ளைகளுக்கான கிளையும் இருந்தது, மறுக்கவில்லை. அமெரிக்கக் கேம்ப்களின் தொடக்கமாகப் பலர் சொல்வது 1861-ஐ. உள்நாட்டுப் போர் தொடங்கிய அந்த ஆண்டில், கனெக்டிகட் மாநிலத்தில் உறைவிடப் பள்ளி நடத்திய ஃபிரெடரிக் வில்லியம் கன், தன் மாணவர்களைக் கடற்கரைக்கு நடத்திக்கொண்டு போய்க் கூடாரம் அடித்துத் தங்க வைத்தார். படை வீரர்களைப் போல வாழ்ந்து பார்க்க அந்தப் பையன்களுக்கு ஆசை.

எனக்கு மிகவும் பிடித்தது 1907-இல் நடந்தது. இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய அந்த முகாமிலிருந்துதான் சாரணர் இயக்கம் பிறந்தது. சுமார் 20 பையன்கள். ஒரு பகுதியினர் பணக்காரப் பள்ளிகளில் படித்தவர்கள், மற்றவர்கள் அருகிலிருந்த ஊர்களின் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள். பணக்கார வீட்டுப் பையன்களுக்கு ஒரு பவுண்டு கட்டணம். மற்றவர்களுக்கு மூன்றரை ஷில்லிங். அன்று ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், அப்படியென்றால் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரே கூடாரம், ஒரே சாப்பாடு, ஒரே விளையாட்டு, கட்டணம் மட்டும் வேறு வேறு. பேடன் பவல் வேண்டுமென்றேதான் இரண்டு தரப்பையும் கலந்து கூட்டிவந்தார். கலந்து வாழ வேண்டும் என்பதே அந்த முகாமின் நோக்கம்.

ஆகவே உங்கள் வருமானத்துக்கு ஏற்ற கட்டணத்தை நீங்கள் கேட்கும்போது, நூறு ஆண்டுக்கும் மேலாக இருக்கிற ஒரு வழக்கத்தைத்தான் கேட்கிறீர்கள். பிச்சை என்ற சொல்லை உங்கள் மனதுக்குள்கூடப் பயன்படுத்தாதீர்கள்.

சரி, எப்படிக் கேட்பது? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

முதல் விஷயம் காலம். லாபநோக்கமில்லாத அமைப்புகளும் வழிபாட்டுத் தலங்களும் நகராட்சிகளும் நடத்தும் கேம்ப்களில், இப்போது பல தனியார் கேம்ப்களிலும்கூட, கட்டணச் சலுகைக்கென்று ஒரு தொகை ஒதுக்கியிருப்பார்கள். அது தீரும்வரைதான் கொடுப்பார்கள். கோடை நெருங்கும்போது கேட்டால் கருணை இருக்கும், பணம் இருக்காது. குளிர்காலம் முடிவதற்குள் விண்ணப்பம் கையில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பல இடங்களில் இதை விளம்பரத்தில் பெரிதாகப் போடுவதில்லை. நான் முதன்முதலில் போன் செய்து கேட்டபோது எதிர்முனையில் இருந்த பெண், "இருக்குங்க. கேட்டீங்க பாருங்க, அதுவே பெரிய விஷயம். நிறைய பேர் விலையைப் பார்த்துட்டு அப்படியே போயிடறாங்க" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கு எதிர்பாராதது. அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால், ஒதுக்கிய பணத்தைச் சரியான ஆளுக்குக் கொடுத்து முடிப்பது அவர்களுடைய வேலை. நாம் கேட்பது அந்த வேலைக்கு உதவி.

இரண்டாவது, நம்மால் எவ்வளவு கட்ட முடியும் என்பதை நாமே ஒரு எண்ணாகச் சொல்லிவிடுவது. "ஏதாவது பார்த்துச் செய்யுங்க" என்று விட்டால் அவர்களுக்கு முடிவெடுப்பது சிரமம். "முழுக் கட்டணத்தில் பாதியை நான்கு தவணையாக என்னால் கட்ட முடியும், மீதிக்கு உதவி வேண்டும்" என்று எழுதினால் பேச்சு சட்டென்று உறுதியான இடத்துக்கு வந்துவிடுகிறது. முழு உதவி கேட்கிறவர்களுக்கும் இது பொருந்தும். முழுதும் வேண்டும் என்றால் முழுதும் என்றே எழுதுங்கள், சுற்றி வளைக்க வேண்டாம்.

மூன்றாவது, காகிதங்கள். சம்பளச் சீட்டு, போன ஆண்டின் வருமான வரிக் கணக்கு, அரசு உதவி ஏதாவது வாங்கினால் அதன் கடிதம், பிள்ளைகள் யாருடைய பொறுப்பில் இருக்கிறார்கள் என்று காட்டும் நீதிமன்ற உத்தரவு. பெரும்பாலும் இவற்றில் ஒன்றிரண்டுதான் கேட்பார்கள். எல்லாவற்றையும் ஒரே உறையில் வைத்திருந்தால் இரவு பதினொரு மணிக்கு அலமாரியைக் கவிழ்க்க வேண்டியதில்லை. வேலை போய்விட்டது, வருமானம் பாதியாகிவிட்டது என்றால் போன ஆண்டுக் கணக்கு உங்கள் இன்றைய நிலையைக் காட்டாது. அதைத் தனியாக இரண்டு வரியில் எழுதிச் சேர்க்க வேண்டும்.

கடிதம் ஒன்று எழுதச் சொன்னால் பலர் தங்கள் வாழ்க்கையின் துயரம் முழுவதையும் கொட்டிவிடுகிறார்கள். தேவையில்லை. உங்கள் திருமணத்தில் என்ன நடந்தது என்பது கேம்ப் நடத்துகிறவர்கள் அறிய வேண்டிய விஷயம் அல்ல. நீங்கள் ஒரே வருமானத்தில் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்கிறீர்கள், வேலை நேரம் என்ன, இந்தப் பிள்ளைக்கு இந்தக் கேம்ப் ஏன் பிடிக்கும், இவ்வளவு போதும். நான் மகனைப் பற்றி எழுதியபோது அவன் பூச்சிகளைப் பின்தொடர்ந்து மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பான் என்று எழுதினேன். அந்த வரியைத்தான் அவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள்.

உதவி பெறும் பிள்ளை யார் என்பது மற்றப் பிள்ளைகளுக்கும் கேம்ப்பில் அன்றாடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் அக்காக்களுக்கும் தெரியுமா என்று கேட்டுவிடுங்கள். நல்ல இடங்களில் அலுவலகத்தில் ஒருவர் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியும் என்று சொன்னால் நான் அங்கே அனுப்ப மாட்டேன். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

கட்டணம் என்று போட்டிருக்கும் எண் முழுச் செலவு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய ஓட்டை நேரத்தில் இருக்கிறது. பகல் கேம்ப் பலவும் காலை 9 மணிக்குத் தொடங்கி 3 மணிக்கோ 4 மணிக்கோ முடிந்துவிடும். அலுவலகமோ அதற்கு முன்பே தொடங்கி அதற்குப் பிறகும் நடக்கும். காலையில் சீக்கிரம் விட்டு மாலையில் தாமதமாகக் கூட்டிப்போகத் தனிக் கட்டணம் உண்டு. சில நிமிடம் தாமதமானால் அபராதமும் உண்டு. பஸ் கட்டணம், சுற்றுலா நாளுக்கான பணம், கேம்ப் சட்டை, நீச்சல் சாமான் என்று பட்டியல் நீளும். நான் விலையை ஒப்பிடும்போது வாரக் கட்டணத்தைப் பார்ப்பதில்லை. எல்லாச் செலவையும் கூட்டி, என் வேலை நேரத்தில் பிள்ளையை அவர்கள் பார்த்துக்கொள்ளும் மணி நேரத்தால் வகுத்துப் பார்க்கிறேன். விலை குறைவாகத் தெரிந்த அரைநாள் கேம்ப், இந்தக் கணக்கில் முழுநாள் கேம்ப்பைவிட அதிக விலையாகிவிடும். அரைநாள் கேம்ப் முடிந்ததும் யாராவது கூட்டிவர வேண்டும், மீதி அரைநாளைப் பார்த்துக்கொள்ள வேறொருவருக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். தனியாக வளர்க்கிறவர்களுக்கு வேலை மாறுவதும் வீடு மாறுவதும் திடீரென்று நடக்கும். எந்தத் தேதி வரை சொன்னால் முழுப்பணம், எந்தத் தேதிக்குப் பிறகு ஒன்றும் கிடையாது, பிள்ளைக்கு உடம்பு சரியில்லாவிட்டால் என்ன, இவ்வளவும் தெரிந்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும். இரண்டு பிள்ளைகளை ஒரே இடத்தில் சேர்த்தால் இரண்டாவது பிள்ளைக்குத் தள்ளுபடி தருகிறவர்கள் நிறையப் பேர். கேட்டால்தான் சொல்வார்கள். முன்கூட்டிப் பதிவு செய்தால் கிடைக்கும் தள்ளுபடியும் கட்டணச் சலுகையும் ஒன்றாகக் கிடைக்குமா என்பதையும் கேட்டுவிடலாம்.

பாதுகாப்பில் மட்டும் விலையைப் பார்க்கக்கூடாது. வேலை செய்கிறவர்களின் பின்னணியைச் சரிபார்த்திருக்கிறார்களா, ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்க விடுவார்களா, முதலுதவி தெரிந்தவர் எப்போதும் இருக்கிறாரா, நீச்சல் குளம் என்றால் காவலுக்கு ஆள் உண்டா, இவற்றை நான் நேரடியாகவே கேட்கிறேன். ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதற்கு அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷன் ஓர் அளவு வைத்திருக்கிறது. பகல் கேம்ப்பில் 6 முதல் 8 வயது வரை 8 பிள்ளைகளுக்கு ஒருவர், 9 முதல் 14 வயது வரை 10 பிள்ளைகளுக்கு ஒருவர். இரவு தங்கும் கேம்ப் என்றால் அதுவே 6-க்கு ஒருவர், 8-க்கு ஒருவர். எந்த நாட்டில் இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க இது நல்ல அளவுகோல். கேள்வி கேட்டால் முகம் சுளிக்கும் இடம், கட்டணமே இல்லாமல் சேர்த்துக்கொண்டாலும் வேண்டாம்.

அரசாங்கங்கள் இதில் எப்படி நடந்துகொள்கின்றன என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. நம் மக்கள் பல நாடுகளில் இருப்பதால் எனக்கு உறுதியாகத் தெரிந்த சிலவற்றைச் சொல்கிறேன். அமெரிக்காவில், வேலைக்குப் போவதற்காகப் பிள்ளையைப் பகல் கேம்ப்பில் விட்டால் அந்தச் செலவுக்கு வருமான வரியில் சலுகை உண்டு. பிள்ளை 13 வயதுக்குள் இருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு 3,000 டாலர், இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 6,000 டாலர் வரையான செலவைக் கணக்கில் எடுப்பார்கள். கால்பந்து கேம்ப்பானாலும் கணினி கேம்ப்பானாலும் பகல் கேம்ப் என்றால் செல்லும், இரவு தங்கும் கேம்ப் செல்லாது. பிரிந்த பெற்றோரில், பிள்ளை யாரோடு அதிக இரவுகள் வாழ்கிறதோ அவருக்குத்தான் இந்தச் சலுகை. வரிக் கணக்கில் பிள்ளையைத் தன் பொறுப்பாகக் காட்டும் உரிமையை மற்றவருக்கு விட்டுக்கொடுத்திருந்தாலும் இது பிள்ளையோடு அதிக இரவுகள் வாழ்கிறவரிடமே இருக்கும். இது தெரியாமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில், வருமான அடிப்படையில் பள்ளியில் இலவச மதிய உணவு பெறும் பிள்ளைகளுக்காக ஈஸ்டர், கோடை, கிறிஸ்துமஸ் விடுமுறைகளில் விளையாட்டும் சாப்பாடும் சேர்த்து இலவச முகாம்கள் நடத்தும் திட்டம் 2021 முதல் நாடு முழுக்க இருக்கிறது. பதிவு பெற்ற விடுமுறை முகாம்களுக்கு, பிள்ளைப் பராமரிப்புக்கென அரசு வைத்திருக்கும் வரிச்சலுகைக் கணக்கு வழியாகவும் பணம் கட்டலாம், நாம் போடும் ஒவ்வொரு 8 பவுண்டுக்கும் அரசு 2 பவுண்டு சேர்க்கும். கனடாவில் கேம்ப் செலவை, இரவு தங்குவதையும் சேர்த்து, வரம்புக்கு உட்பட்டு வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். பிரான்சில் பல நகராட்சிகள் குடும்ப வருமானத்தையும் ஆட்களின் எண்ணிக்கையையும் வைத்துத்தான் கட்டணத்தையே நிர்ணயிக்கின்றன. பிரவுன்சீ தீவில் அன்று செய்ததை ஒரு முறையாகவே ஆக்கியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்ட விளையாட்டு அரங்குகளில் கோடைப் பயிற்சி முகாம்கள் நடத்துகிறது, ஜவகர் சிறுவர் மன்றங்கள் கலைப் பயிற்சி தருகின்றன. இவை நாள் முழுதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இடங்கள் அல்ல, ஆனாலும் காலை நேரத்தைக் குறைந்த செலவில் நல்லபடியாக நிரப்பும்.

கேம்ப் விற்கிறவர்கள் பெற்றோரின் பயத்தைத் தொடுவது எனக்குப் பிடிப்பதில்லை. "விடுமுறையில் படித்ததெல்லாம் மறந்துவிடும், உங்கள் பிள்ளை பின்தங்கிவிடும்" என்று சொல்லிப் பாடக் கேம்ப்புகளுக்கு அதிக விலை வைக்கிறார்கள். இந்தப் பேச்சுக்குப் பின்னால் உண்மையான ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் டோரிஸ் என்ட்விசில், கார்ல் அலெக்சாண்டர் என்ற சமூகவியலாளர்கள் 1982-இல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழைப் பிள்ளைகளும் வசதியுள்ள பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் முன்னேறினார்கள், கோடையில்தான் இடைவெளி விரிந்தது என்று அவர்கள் கண்டார்கள். பின்னர் பால் வான் ஹிப்பல் என்ற ஆய்வாளர், புதிய தேர்வு முறைகளை வைத்து அதே கேள்வியைத் திரும்பப் பார்த்தார். பழைய தேர்வுகள் அளவிட்ட விதத்தால் அந்த இடைவெளி பெரிதாகத் தெரிந்தது, புதிய முறையில் பார்த்தால் அவ்வளவு இல்லை என்று எழுதினார். அறிஞர்களே இன்னும் விவாதிக்கும் ஒன்றை வைத்து ஒரு தனி அம்மாவின் சேமிப்பைக் கரைக்கச் சொல்வது நியாயம் இல்லை. கணக்குக் கேம்ப்பும் கோடிங் கேம்ப்பும் பிள்ளை விரும்பினால் சரி. விரும்பாவிட்டால், நூலகத்திலிருந்து எடுத்துவரும் புத்தகக் கட்டும் ஓடி விளையாட இடமும் போதும் என்பது என் முடிவு.

பணம் இல்லை என்பதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று என்னைவிட வயதில் இளைய ஒரு தோழி கேட்டாள். "அக்கா, என் பொண்ணு கேட்டா நெஞ்சு அடைக்குது" என்றாள். நான் என் மகளிடம் சொன்னதையே அவளுக்கும் சொன்னேன். மகளின் சிநேகிதி இரவு தங்கும் கேம்ப்புக்குப் போகிறாள். மகள் தானும் போக வேண்டும் என்று கேட்டாள். நான் நோட்டை எடுத்துக் கணக்கைக் காட்டினேன்.

"இந்த வருஷம் அந்தக் கேம்ப்ல ஒரு வாரத்துக்குத்தான் நம்மகிட்ட பணம் இருக்கு, கண்ணு. அதை எடுத்துக்கிட்டா மத்த வாரமெல்லாம் தம்பி போற நகராட்சி கேம்ப்புதான். எது வேணும்னு நீயே யோசிச்சுச் சொல்லு."

அவள் உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் வந்து, "ஒரு வாரம் போறேன்மா. ஆனா என் சிநேகிதி போற வாரம்தான் வேணும். இல்லேன்னா வேணாம்" என்றாள். அந்த வாரத்துக்கு இடமில்லாமல் வெயிட்டிங் லிஸ்டில் போட்டார்கள், பிறகு யாரோ விலகியதால் கிடைத்தது. பிள்ளைகளிடம் கணக்கை மறைத்தால் அவர்கள் தங்களால்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நோட்டைக் காட்டினால் அவர்களும் அதில் சேர்ந்து முடிவெடுக்கிறார்கள். பதின்வயதை நெருங்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. பல கேம்ப்கள் சற்று மூத்த பிள்ளைகளை உதவியாளர் பயிற்சியில் எடுத்துக்கொள்கின்றன, சில இடங்களில் குறைந்த கட்டணம், சில இடங்களில் கட்டணமே இல்லை. என் மகள் இப்போதே அதற்குக் குறிவைத்திருக்கிறாள்.

பிள்ளைகளின் அப்பா செலவில் பங்கு தர வேண்டுமா என்பது அவரவர் நீதிமன்ற உத்தரவில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. பராமரிப்புத் தொகை என்று பொதுவாக எழுதியிருந்தால் கேம்ப் அதற்குள் வருமா வராதா என்று ஒவ்வோர் ஆண்டும் சண்டை வரும். உத்தரவு இன்னும் எழுதப்படாத நிலையில் இருப்பவர்கள், விடுமுறைக் காலப் பராமரிப்புச் செலவு, யார் எத்தனை சதவீதம், எந்தத் தேதிக்குள் என்று தனி வரியாகச் சேர்க்கச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள். வேறு எதையும் நான் இங்கே சொல்லப் போவதில்லை.

எல்லா வாரத்துக்கும் கேம்ப் தேவை என்றும் இல்லை. நானும் என்னைப் போலத் தனியாக வளர்க்கும் இன்னொரு அம்மாவும் விடுப்பைப் பகிர்ந்துகொள்கிறோம். அவர் விடுப்பு எடுக்கும் வாரம் நான்கு பிள்ளைகளும் அவர் வீட்டில், நான் எடுக்கும் வாரம் என் வீட்டில். இதில் பணம் கைமாறுவதில்லை, ஆனால் விதிகள் எழுதி வைத்திருக்கிறோம்: யாருக்காவது காய்ச்சல் என்றால் என்ன செய்வது, எவ்வளவு நேரம் டிவி, யாரை வீட்டுக்குள் விடலாம், எந்த டாக்டர் என்றெல்லாம். நெருங்கிய நட்பு என்பதால்தான் எழுதிவைக்க வேண்டியிருந்தது. இப்படிச் சில வாரங்கள் போக, மிச்சத்துக்கு மட்டும் கேம்ப் தேடினால் விண்ணப்பத்தில் எழுதும் எண்ணும் சிறிதாகிறது, உதவி கிடைக்கும் வாய்ப்பும் கூடுகிறது. வேலை செய்யும் இடத்தில் நேரத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் முன்னால் வந்து ஒரு மணி நேரம் முன்னால் கிளம்ப அனுமதித்தாலே மாலைக் கூடுதல் கட்டணம் முழுதும் மிச்சம்.

விண்ணப்பித்து மறுத்துவிட்டால் அங்கேயே நிறுத்த வேண்டாம். வெயிட்டிங் லிஸ்டில் பெயர் போடச் சொல்லுங்கள், யாராவது விலகினால் உதவித் தொகையும் திரும்பி வருமா என்று கேளுங்கள். ஒரே இடத்தை நம்பாமல் மூன்று நான்கு இடங்களில் ஒரே காகிதங்களை வைத்து விண்ணப்பிக்கலாம், அதில் தவறு எதுவும் இல்லை. பிள்ளையின் பள்ளியில் ஆலோசகரோ சமூகப் பணியாளரோ இருந்தால் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். தங்கள் மாணவருக்கு ஓர் இடம் என்று அவர்கள் கேட்டால் கிடைக்கும் இடங்கள் உண்டு. நாள்பட்ட நோய் உள்ள பிள்ளை என்றால் அதற்கெனத் தனிக் கேம்ப்கள் இருக்கின்றன. நடிகர் பால் நியூமன் 1988-இல் கனெக்டிகட்டில் தொடங்கிய ஹோல் இன் த வால் கேங் கேம்ப், கடும் நோயுள்ள பிள்ளைகளிடம் கட்டணமே வாங்குவதில்லை. அதே வழியில் பல நாடுகளில் கேம்ப்கள் நடக்கின்றன. மருத்துவமனையில் சமூகப் பணியாளரிடம் கேட்டால் வழி சொல்வார்.

கோடை முடிந்ததும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உதவி கொடுத்தவர்களுக்குப் பிள்ளையின் கையெழுத்தில் நன்றி எழுதி அனுப்புங்கள், அதோடு அடுத்த ஆண்டு விண்ணப்பம் எந்தத் தேதியில் திறக்கிறது என்று கேட்டுக் காலண்டரில் குறித்துவிடுங்கள். பெரும்பாலான இடங்களில் ஏற்கெனவே வந்த பிள்ளைகளுக்குத்தான் முதலில் பதிவு திறப்பார்கள்.